தவ்பாவுக்கு ஓர் ஊர் வேண்டும்!

(மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

சிறைவாசிகள் என்றால் நம் மேடைகளில் விடுதலை என்ற ஒரே முழக்கம்தான் கேட்கும். அந்த முழக்கத்தில் தவறில்லை. ஆனால், கொட்டடிக்கும் விடுதலைக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையிலும் இருக்கிறது. நாம்தான் அதைக் கேட்டுப் பெறுவதில்லை. திறந்தவெளிச் சிறைச்சாலை என்பது அதன் பெயர். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று எனக்குப் பணிக்கப்பட்டுள்ளது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸிலிருந்தே தொடங்குகிறேன். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பனீ இஸ்ராயீல் சமுதாயத்தில் ஒரு மனிதன் தொண்ணூற்று ஒன்பது கொலைகளைச் செய்தவன். மனம் மாறி, பாவமன்னிப்பு உண்டா என்று ஒரு துறவியிடம் போய்க் கேட்கிறான். இல்லை என்கிறார் அவர். அவரையும் கொன்று நூறைப் பூர்த்தி செய்கிறான். பிறகு ஓர் அறிஞரிடம் போகிறான். உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் யார் நிற்க முடியும் என்று அவர் கேட்டார். இந்த இடத்தோடு நாம் பயானை முடித்து விடுகிறோம். அறிஞர் அதோடு முடிக்கவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் நல்ல மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நீயும் வணங்கு, உன் பழைய ஊருக்குத் திரும்பிப் போகாதே, அது கெட்ட பூமி என்றும் சொன்னார்.

கவனியுங்கள் சகோதரர்களே! அந்த அறிஞர் ஃபத்வாவை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, விலாசமும் கொடுத்தார். திருந்த நினைக்கும் மனிதனுக்கு நாலு நல்லவர்கள் நடமாடும் இடம் வேண்டும், அவர்கள் பார்வையில் அவன் வாழ வேண்டும் என்பதை அந்த அறிஞர் புரிந்திருந்தார். துறவிக்கு அது புரியவில்லை.

நம் நாட்டுச் சிறைகள் இன்று என்ன செய்கின்றன? திருந்த நினைப்பவனை அந்தக் கெட்ட பூமியிலேயே கொண்டு போய் அடைத்துப் பூட்டுகின்றன. கோபத்தில் ஒரு நிமிடம் கை நீட்டி, ஓர் உயிர் போய், ஆயுள் தண்டனை பெற்றவனும் உள்ளே இருக்கிறான். கஞ்சா விற்பதையே தொழிலாகக் கொண்டவனும் அதே பிளாக்கில் இருக்கிறான். பத்து வருடம் கழித்து யார் யாரிடம் பாடம் படித்திருப்பார்கள்? மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்குப்படி, 2022 முடிவில் நாட்டிலுள்ள 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். இருந்தவர்களோ 5,73,220 பேர். இந்த நெரிசலில் சீர்திருத்தம் என்று பேசுவது, ஈச்சம் பாயில் பத்துப் பேரைப் படுக்க வைத்துவிட்டு நல்ல தூக்கம் வருகிறதா என்று கேட்பதைப் போன்றது.

சாங்கானேரில் நடப்பது என்ன?

ராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூரை ஒட்டி சாங்கானேர் என்ற ஊர் இருக்கிறது. ஜவுளி வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். மர அச்சில் பூப்போட்ட துணிக்குப் பேர் போன ஊர். 1963இல் அங்கே ஒரு திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. இன்றும் நடக்கிறது.

அங்கே இருப்பவர்கள் தண்டனைக் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். ஆனால் மனைவி, மக்களோடு அங்கே குடியிருக்கிறார்கள். காலையில் பெயர் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு கைதி வெளியே வேலைக்குப் போகலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர் உண்டு, காவல் வேலை பார்ப்பவர் உண்டு, ஆட்டோ ஓட்டுபவரும் உண்டு. மாலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து, வாசிக்கும்போது ஆஜர் சொல்ல வேண்டும். உழைத்த காசில்தான் அரிசி, பருப்பு, மின் கட்டணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம். கைதிகள் தங்களுக்குள்ளேயே பஞ்சாயத்துத் தேர்ந்தெடுத்து அதன் மூலம் நிர்வாகத்தைக் கவனித்துக் கொள்கிறார்கள். பெயர் வாசிப்பதும் அந்தப் பஞ்சாயத்தின் பொறுப்புதான். உயர்ந்த மதிலும் இல்லை, துப்பாக்கிக் காவலும் இல்லை. தண்டனை முடிந்த பிறகும் காலி செய்ய மனமில்லாமல், இன்னும் கொஞ்ச நாள் இருந்து கொள்கிறேன் என்று கேட்டவர்களும் அங்கே உண்டு. எந்த மத்திய சிறையில் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்!

எடுத்த எடுப்பில் யாரையும் அங்கே அனுப்பி விடுவதில்லை. 1972ஆம் ஆண்டின் ராஜஸ்தான் விதிகளின்படி, தண்டனைக் குறைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு மூன்றில் ஒரு பங்கைக் கைதி மூடிய சிறையில் கழித்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். தப்பி ஓடினால் மறுபடி மூடிய சிறைதான், கூடவே புதிய வழக்கு. இந்தப் பயம் ஒரு பக்கம். மனைவியும் பிள்ளைகளும் அந்த அறையிலேயே இருப்பது இன்னொரு பக்கம். மதில் செய்யாத வேலையைப் பிள்ளை செய்கிறது.

அந்தச் சிறைக்கு சம்பூர்ணானந்த் என்பவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் அமைச்சராகவும் முதலமைச்சராகவும் இருந்தவர். 1950களில் அங்கே கைதிகளை அணைக்கட்டு வேலைக்கு அழைத்துச் சென்று, கூடாரத்தில் தங்க வைத்து, வெளியாட்களைப் போலவே கூலி கொடுக்கும் முகாம்களை ஏற்படுத்தினார். பிறகு ராஜஸ்தானுக்கு ஆளுநராக வந்தபோது அந்த எண்ணத்தையும் கூடவே கொண்டு வந்தார். அதற்கும் முன்னால், 1939இலேயே, இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் என்ற சின்ன சமஸ்தானத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் சாந்தாராம் 1957இல் இந்தியில் ஒரு படம் எடுத்தார். சினிமாவைப் பற்றிப் பேச நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஆனாலும், எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வந்த ‘பல்லாண்டு வாழ்க’ அந்தப் படத்தின் தமிழ் வடிவம்தான் என்பதைச் சொல்லி வைக்கிறேன். படத்தில் கைதிகள் திருந்தினால் கைதட்டுகிற இந்த ஊர், நிஜத்தில் ஒரு கைதி திருந்தி வந்தால் வாடகைக்கு வீடு கொடுப்பதில்லை!

நம் தமிழகத்திலும் திறந்தவெளிச் சிறைகள் இருக்கின்றன. கோவையில் சிங்காநல்லூரில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் புரசடைஉடைப்பில் இருக்கிறது. கைதிகள் விவசாயம் செய்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். பக்கத்தில் கேரளாவில் நெட்டுகால்தேரியில் 1962 முதல் நடக்கிறது, அங்கே ரப்பர் தோட்டம். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் இவற்றுக்கும் சாங்கானேருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கே கைதி சிறையின் நிலத்தில் வேலை செய்கிறான். குடும்பம் ஊரில் இருக்கிறது. சாங்கானேரில் குடும்பம் கூடவே இருக்கிறது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைச் சிறைக்கு மனு பார்க்கப் போன பெண்களிடம் கேளுங்கள்.

பெருநாள் தொழுகை நடத்த நானும் சிறைக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை வெளியே வரும்போது, மனு பார்க்க வந்த ஒரு சகோதரி வாசலில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, பதிவு செய்து, வரிசையில் நின்று, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கணவரைப் பார்த்திருக்கிறார். இரு பக்கமும் முப்பது, நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ‘ஹஜ்ரத், அவருக நான் சொன்னதுல பாதி கேக்கலன்னு கைய ஆட்டுறாக. எம் பொண்ணு வயசுக்கு வந்ததக் கத்தியா சொல்ல முடியும்? சொல்லாமலே வந்துட்டேன்’ என்றார். எந்த நீதிமன்றம் இந்தத் தண்டனையை அந்தப் பெண்ணுக்கு விதித்தது? எந்தச் சட்டப் பிரிவின் கீழ் விதித்தது? ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று நாம் ஓதுகிறோம். அந்தச் சகோதரி சுமந்து கொண்டிருந்தாரே!

இஸ்லாம் கைதியை எங்கே வைத்தது?

யமாமாவின் தலைவர் ஸுமாமா சிறைப்பிடிக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாதாள அறையில் வைக்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டி வைக்கப்பட்டார். ஐந்து வேளையும் தொழுகையைப் பார்த்தார். மக்கள் வருவதையும் போவதையும், பெருமானார் அவர்களிடம் நடந்து கொள்ளும் முறையையும் பார்த்தார். மூன்று நாளும் நபியவர்களே அவரிடம் வந்து விசாரித்தார்கள். மூன்றாம் நாள் நிபந்தனை ஏதுமின்றி அவிழ்த்துவிடச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க் குளித்துவிட்டு அவரே திரும்பி வந்து கலிமா சொன்னார். சமுதாயத்தின் நடு வீட்டில் கைதியை வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. பத்ருக் கைதிகளில் ஈட்டுத் தொகை கொடுக்க முடியாதவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்து விடுதலை பெறலாம் என்று வைத்தார்களே, அதுவும் உழைத்துச் சம்பாதித்த விடுதலைதான்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஆளுநர்களுக்கு எழுதிய கடிதத்தில், எந்தக் கைதியையும் நின்று தொழ முடியாதபடி விலங்கிட்டு வைக்காதீர்கள் என்று கட்டளையிட்டார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் இது பதிவாகியிருக்கிறது. கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க விடுகிறீர்களே என்று கலீஃபாவையே அந்த இமாம் தட்டிக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு மாதந்தோறும் இவ்வளவு திர்ஹம் கொடுங்கள், கோடைக்கு ஓர் உடை, குளிருக்கு ஓர் உடை கொடுங்கள் என்று திட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால்! சிறைச் சீர்திருத்தம் ஏதோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது என்று எண்ணுபவர்கள் அந்த ஏட்டைப் புரட்டட்டும்.

ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. கொலையுண்டவனின் தாயும் இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கலாம். என் பிள்ளை மண்ணுக்குள் இருக்கிறான், அவனைக் கொன்றவன் பெண்டாட்டி பிள்ளையோடு ஆட்டோ ஓட்டிக் கொண்டிருப்பானா என்று அவர் கேட்டால், அவரை மனித உரிமைச் சொற்பொழிவால் வாயடைக்க நான் தயாரில்லை. கிஸாஸிலும் தியத்திலும் முதல் உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத்தான் என்பது நமது ஷரீஅத். ஆனால் அந்தத் தாயிடம் ஒன்றை நான் கேட்பேன். இத்தனை வருடம் அவன் மூடிய சிறையில் இருந்தானே, உங்களுக்கு அதிலிருந்து என்ன வந்தது, தாயே? இரும்புக் கதவு உங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதா? கைதி உழைத்துச் சம்பாதித்தால்தான் அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வாங்கித் தர முடியும். கைதிகளின் கூலியிலிருந்து ஒரு பகுதியை அப்படி ஒதுக்கச் சட்டம் செய்யலாம் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சிறைக்குள் கிடைக்கும் சொற்பக் கூலியில் ஒதுக்க என்ன இருக்கிறது? வெளியே போய் ஊர்க் கூலி வாங்குபவனிடம்தான் கேட்க முடியும். நாம் திறந்தவெளிச் சிறையைக் கேட்கும்போது இந்தப் பங்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் நம் கோரிக்கை பாதிக் கோரிக்கைதான்.

நீதிமன்றங்களும் குழுக்களும் சொல்லாமல் இல்லை. 1979இல், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற இரண்டு இளைஞர்களைத் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றும்படி நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னார். 1983இல் அறிக்கை கொடுத்த நீதிபதி முல்லா குழு திறந்தவெளிச் சிறைகளைப் பெருக்கச் சொன்னது. 2018இல் உச்சநீதிமன்றம், நாட்டில் 63 திறந்தவெளிச் சிறைகள் இருந்தும் அவற்றின் இடங்கள்கூட முழுதாக நிரப்பப்படவில்லை என்று சுட்டிக் காட்டியது. அங்கே ஒருவர் மேல் ஒருவர் படுத்துக் கிடக்கிறார்கள், இங்கே இடம் காலி! 2022 கணக்கில் அந்த 63, 91 ஆகியிருக்கிறது. அதிலும் ஏறத்தாழ 40 ராஜஸ்தானில் மட்டும். அந்த ராஜஸ்தானிலும் சாங்கானேர் சிறை நிலத்தில் ஒரு பகுதியை மருத்துவமனைக்கு எடுக்கப் பார்த்தார்கள். 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டு, அந்தப் பரப்பைக் குறைக்கக் கூடாது என்றது. அதன் பிறகும் நிலத்தகராறு நீதிமன்றப் படியேறியது. நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறினால் முதலில் கண்ணில் படுவது கைதியின் இடம்தான்.

ஆளைப் பாருங்கள், பிரிவைப் பார்க்காதீர்கள்!

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2019ஆம் ஆண்டின் சிறைக் கணக்கில் தண்டனைக் கைதிகளில் 16.6 சதவீதம், விசாரணைக் கைதிகளில் 18.7 சதவீதம். விசாரணைக் கைதிக்குத் திறந்தவெளிச் சிறை கிடையாது. அவருக்கு வேண்டியது ஜாமீன், அந்தப் போராட்டம் தனி. தண்டனைக் கைதிக்குத்தான் இந்தக் கதவு. அந்தக் கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். இன்னின்ன சட்டப் பிரிவுகளில் தண்டனை பெற்றவர் உள்ளே வரக் கூடாது என்று மாநில விதிகளில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், பதினைந்து வருடம் ஒரு புகாரும் இல்லாமல் இருந்தவரானாலும், உள்ளேயே பட்டம் படித்தவரானாலும், படுத்த படுக்கையானவரானாலும் மனு அப்படியே திரும்பி வந்து விடும்.

முன்விடுதலையில் நடப்பதும் இதுதான். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 1,405 ஆயுள் கைதிகளைத் தமிழக அரசு விடுவித்தது. நல்ல காரியம். அதில் நம்மவர்கள் விடுபட்டார்கள். 2021 நவம்பர் ஆணையிலும் மத மோதல் வழக்குகள் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். நாம் போராடியதில் அந்த டிசம்பரில் ஓய்வு பெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைந்தது. 2023 ஆகஸ்டில் 49 பேரின் கோப்பு ஆளுநருக்குப் போனது. அவர்களில் 20 பேர் முஸ்லிம்கள். அந்தக் கோப்பின் கதையை வேறு மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1998 பிப்ரவரியில் கோவையில் 58 உயிர்கள் போயின. அப்பாவிகள். அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்த கலவரத்தில் நம்மவர் உயிர்கள் போயின, அவர்களும் அப்பாவிகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்துவது மார்க்கம் அல்ல. குற்றமே இல்லை என்று நான் இங்கே வாதாட வரவில்லை. தண்டனை அனுபவித்து முதுமை அடைந்துவிட்ட மனிதனை, நீ யாராக இருந்தாய் என்று பார்ப்பதா, யாராக ஆகியிருக்கிறாய் என்று பார்ப்பதா என்பதுதான் என் கேள்வி. நூறு கொலை செய்தவனுக்கு அந்த அறிஞர் ஊர் காட்டியபோது எந்தப் பிரிவின் கீழ் கொன்றாய் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு மனுவையும் அந்த ஆளை வைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. ஆபத்தானவர் என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்கட்டும். நம் சமுதாயத்துக்கு மட்டும் அல்ல, எல்லாக் கைதிகளுக்கும் சேர்த்தே கேட்கிறோம். சிறைக்குள் நம்மைவிட அதிகமாக அடைபட்டுக் கிடப்பவர்கள் நம் தலித் சகோதரர்கள்.

அரசாங்கத்திடம் கேட்டாகிவிட்டது. இப்போது ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. சிறை சென்றவரின் குடும்பத்தைத் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து எடுத்த ஊர்கள் நம்மிடம் இல்லையா? அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களிடம், தகப்பன் எங்கே இருக்கிறான் தெரியுமா என்று பள்ளிவாசல் வாசலிலேயே காதைக் கடித்தவர்கள் இல்லையா? மது குடித்துத் தண்டிக்கப்பட்டவரை ஒருவர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நாளை சாங்கானேரைப் போல ஒன்று நம் மாவட்டத்திலேயே வந்து, கைதிக்குப் பகலில் வேலை கொடுக்க ஆள் தேவை என்றால், இங்கே மர அறுவை மில், தோல் தொழிற்சாலை, பிரியாணிக் கடை நடத்தும் எத்தனை முதலாளிகள் கை தூக்குவீர்கள்?

ஸகாத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அடிமைகளை விடுவிக்கும் பங்கில் இன்றைய சிறைவாசி வருவாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சம்பாதிப்பவர் உள்ளே போன வீட்டில் ஏழை, தேவையுள்ளவர், கடன்பட்டவர் எல்லோருமே இருக்கிறார்கள். எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாமல் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம்.

ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அமர்கிறேன். நம் வழக்கறிஞர் அணியினர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு தயாரித்திருக்கிறார்கள். தமிழகத்தின் ஒவ்வொரு திறந்தவெளிச் சிறையிலும் எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் இருக்கிறார்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை மனுக்கள் வந்தன, எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டன என்று அதில் கேட்கிறோம். கூடவே, திறந்தவெளிச் சிறைக்கு மாற்றக் கோரும் விண்ணப்பப் படிவமும் வாசலில் மேசை மேல் இருக்கிறது. உங்கள் ஊரில் யாருடைய பிள்ளை உள்ளே இருந்தாலும், எந்த மதத்தவரானாலும், அந்த வீட்டுக்குப் போய்க் கைதி எண், வழக்கு எண், உள்ளே கழித்த வருடம் மூன்றையும் கேட்டு எழுதி, அடுத்த மாத மஷூராவுக்குள் மாவட்ட அலுவலகத்தில் சேர்த்து விடுங்கள். சகோதரிகளுக்குத் திரைக்கு அந்தப் பக்கம் தனி மேசை போட்டிருக்கிறோம்.